முகமும் குரலும் சேர்ந்து சொன்னால் ஆள் உறுதியா? இரண்டும் முரண்பட்டால் எதை நம்புவது?

#1 குறிஞ்சி

வணக்கம் நண்பர்களே. நாங்கள் நான்கு பேர் கொண்ட சிறு குழு. இருந்த இடத்திலிருந்தே ஒருவர் தன் கணக்கைத் திறப்பதற்கு, முகத்தையும் குரலையும் வைத்து ஆளைச் சரிபார்க்கும் வசதி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். பதிவு செய்யும் நாளில் ஒரு படம், ஒரு வாக்கியம். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் கேமராவைப் பார்த்தபடி திரையில் வரும் ஆறு எண்களைப் படிக்க வேண்டும். முகத்துக்கு ஒரு ஸ்கோர், குரலுக்கு ஒரு ஸ்கோர். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, 0.6க்கு மேல் வந்தால் உள்ளே விடுகிறோம்.

இந்த வாரம் இரண்டு விஷயங்கள் நடந்தன. குழுவில் ஒருவருக்குக் கடும் சளி. முகம் 0.78, குரல் 0.31. சராசரி 0.6ஐத் தொடவில்லை, நான்கு நாள் அவருடைய கணக்கே அவருக்குத் திறக்கவில்லை. அடுத்தது இன்னும் மோசம். போன மாதம் சோதனைக்காக எடுத்த என் வீடியோவை ஒரு நண்பர் தன் கைப்பேசியில் ஓடவிட்டு, அதை மடிக்கணினிக் கேமராவுக்கு முன்னால் பிடித்தார். உள்ளே போய்விட்டார். முகமும் சரி, குரலும் சரி. திரையில் வந்த எண்களைத்தான் படித்தாரா என்று நாங்கள் பார்க்கவே இல்லை, குரல் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறோம்.

உண்மையான ஆளை வெளியே நிறுத்தி, போலியை உள்ளே விட்ட ஒன்றை எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது? இரண்டு ஸ்கோரும் சண்டை போட்டால் எதன் பக்கம் நிற்பது?

#2 ஒலியன்

குரல் சரிபார்ப்பில் பல வருடம் வேலை செய்தவன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் அந்தச் சராசரியை எடுத்துவிடுங்கள். உங்கள் முகக் கருவியின் 0.6உம் குரல் கருவியின் 0.6உம் ஒரே பொருள் தருபவை அல்ல. இரண்டுமே உள்ளே வந்ததை ஒரு நீள எண் வரிசையாக மாற்றுகின்றன. முகத்தில் 2015இல் வந்த ஃபேஸ்நெட் என்ற மென்பொருள் 128 எண்களாக மாற்றியது, பின்னால் வந்த ஆர்க்ஃபேஸ் போன்றவை 512. குரலை அப்படி மாற்றும் முறைகள் 2011 வாக்கில் ஐ-வெக்டர், 2018இல் எக்ஸ்-வெக்டர், 2020இல் ஈகாபா என்று போயின. பதிவு நாளில் கிடைத்த வரிசைக்கும் இன்று கிடைத்த வரிசைக்கும் இடையே உள்ள கோணம் எவ்வளவு குறுகியது என்பதுதான் உங்கள் ஸ்கோர். ஒரு மாடலில் 0.4 வந்தாலே ஆள் அவர்தான் என்று தாராளமாகச் சொல்லலாம், இன்னொன்றில் அதே 0.4 யாருக்கு வேண்டுமானாலும் வரும். அவற்றைக் கூட்டுவது அடியையும் மீட்டரையும் கூட்டுவது மாதிரி.

செய்ய வேண்டியது இது. உங்களிடம் உள்ள சோதனைப் பதிவுகளை எடுங்கள். ஒரே ஆள் என்றால் இந்த ஸ்கோர் வர எவ்வளவு வாய்ப்பு, வேறு ஆள் என்றால் எவ்வளவு வாய்ப்பு, இந்த இரண்டின் விகிதத்தைக் கண்டுபிடியுங்கள். ஸ்கோரை வாய்ப்பாக மாற்றும் எளிய புள்ளியியல் முறையான லாஜிஸ்டிக் ரிக்ரஷன் போதும். இரண்டு கருவியும் அந்த விகிதத்தின் மொழியில் பேசத் தொடங்கிய பிறகு கூட்டினால் அதற்கு அர்த்தம் உண்டு.

#3 குறிஞ்சி

நன்றி ஒலியன் சார். அப்படியானால் கூட்டுவது தவறில்லை, கூட்டிய பொருள்கள்தான் தவறு என்று எடுத்துக்கொள்ளலாமா? பெருக்கினால் இன்னும் கடுமையாக இருக்குமே என்றும் யோசித்தோம்.

#4 ஒலியன்

ஆமாம், அப்படித்தான். பெருக்கலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1998இல் கிட்லர் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் நேர்முகம், பக்கவாட்டு முகம், குரல் மூன்றையும் வைத்து, பல கருவிகளின் தீர்ப்பைச் சேர்க்கும் வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வாய்ப்புகளை நேராகப் பெருக்குவதைவிட எளிய கூட்டல் விதிதான் நிமிர்ந்து நின்றது. ஒரு கருவி ஏதோ காரணத்தால் பூஜ்ஜியத்தை ஒட்டி ஒரு மதிப்பைத் தந்துவிட்டால், பெருக்கலில் மற்றவை எவ்வளவு நன்றாகச் சொன்னாலும் எல்லாம் விழுந்துவிடும். பெருக்கியிருந்தால் உங்கள் சளிக்காரருக்கும் அதுதான் நடந்திருக்கும்.

கூடவே தரத்தையும் கேளுங்கள். அறை இருட்டாக இருந்தால் முகத்தின் சொல்லுக்கு எடை குறைய வேண்டும், பின்னணியில் இரைச்சல் இருந்தால் குரலின் சொல்லுக்கு. இருட்டில் எடுத்த முகம் பொருந்தவில்லை என்பதற்கும், நல்ல வெளிச்சத்தில் பொருந்தவில்லை என்பதற்கும் ஏகப்பட்ட வித்தியாசம்.

#5 புதியவன்

கல்லூரி மாணவன், இடையில் வருவதற்கு மன்னிக்கவும். முக அடையாளத்தில் ஃபேஸ்நெட் 99.63 சதவீதம் எடுத்தது என்று பாடத்தில் படித்தேன். இவ்வளவு துல்லியமான ஒன்று இருக்கும்போது குரலைச் சேர்ப்பதே தேவையில்லாத சுமை இல்லையா அண்ணா?

#6 நிழற்கண்

தம்பி, அந்த 99.63 எங்கே வந்தது என்று பார். எல்எஃப்டபிள்யூ என்ற 2007ஆம் ஆண்டு முகப்படத் தொகுப்பு. அதில் 5,749 பேருடைய 13,233 படங்கள். சோதனைக்கு 6,000 ஜோடிகள், பாதி ஒரே ஆள், பாதி வேறு ஆள். 99.63 என்றால் அந்த 6,000இல் ஏறக்குறைய 22 ஜோடியில் தவறு. அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனைதான். ஆனால் வேறு ஆள் ஜோடிகள் 3,000தான் என்னும்போது, லட்சத்தில் ஒருவரைத் தவறாக உள்ளே விடுமா என்ற கேள்விக்கு அந்தத் தொகுப்பால் பதிலே சொல்ல முடியாது. பூட்டுக்கு வேண்டியது அந்தப் பதில்தான்.

துல்லியம் என்று ஒரே எண்ணைச் சொல்லும் யாரையும் இரண்டு எண் கேள். வேறு ஆளை எத்தனை முறை ஏற்றது, உரிய ஆளை எத்தனை முறை தள்ளியது. உள்ளே விடுவதற்கான ஸ்கோர் வரம்பை ஏற்றினால் முதலாவது குறையும், இரண்டாவது கூடும். எந்த வரம்பில் சொல்கிறார்கள் என்று தெரியாமல் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு குழப்பமும் இதில் உண்டு. "நீ சொல்லும் ஆள் நீதானா" என்பது சரிபார்ப்பு, ஒன்றுக்கு ஒன்று. "நீ யார்" என்பது தேடல், ஒன்றுக்குப் பல. பத்தாயிரத்தில் ஒருமுறை தவறாக ஏற்கும் கருவி, சரிபார்ப்புக்குப் பரவாயில்லை ரகம். அதையே ஒரு லட்சம் முகங்களுக்குள் தேடவிட்டால் சம்பந்தமே இல்லாத பத்துப் பேரைக் கொண்டுவந்து நிறுத்தும். குறிஞ்சி செய்வது சரிபார்ப்பு. தேடலுக்குப் போகாமல் இருப்பதே அவருக்குப் பெரிய பாதுகாப்பு.

#7 குறிஞ்சி

நிழற்கண், வரம்பு எல்லோருக்கும் ஒரே அளவாக வைத்திருக்கிறோம். அதில் பிரச்சினை உண்டா?

#8 நிழற்கண்

உண்டு. இதைப் பலர் காதில் வாங்குவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் 2019 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 99 நிறுவனங்களின் 189 மென்பொருள்களைச் சோதித்தார்கள். பல மென்பொருள்களில், வேறு ஆளைத் தவறாக ஏற்கும் விகிதம் ஒரு மக்கள் பிரிவுக்கும் இன்னொன்றுக்கும் இடையே 10 மடங்கு, சிலவற்றில் 100 மடங்கு வரை மாறியது. பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதல், முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நடுவயதினரைவிடக் கூடுதல். அதாவது நீங்கள் ஒரே வரம்பு வைத்தாலும், சிலருக்கு அது கெட்டிப் பூட்டு, சிலருக்குத் தாழ்ப்பாள் மட்டும்.

2018இல் புவோலம்வினி, கெப்ரு என்ற ஆய்வாளர்கள் செய்த ஆய்வில் கருநிறப் பெண்களுக்கு 34.7 சதவீதம் வரை தவறு, வெளிர்நிற ஆண்களுக்கு 0.8 சதவீதம் வரைதான் தவறு என்று வந்தது. அது ஆணா பெண்ணா என்று கணிக்கும் கருவிகளைப் பற்றியது, ஆளைச் சரிபார்ப்பதைப் பற்றியது அல்ல. இரண்டையும் கலந்து பேசுகிறவர்கள் நிறைய என்பதால் சொல்கிறேன். பயிற்சிப் படங்களில் யார் குறைவோ அவர்களுக்குத் தவறு கூடும் என்ற வேர் மட்டும் இரண்டுக்கும் பொது.

உங்கள் சோதனையாளர்கள் யார் யார்? நான்கு பேர் குழுவும் அவர்களுடைய நண்பர்களும்தான் என்றால், உங்கள் 0.6 அவர்களுக்கான 0.6.

#9 சாளரம்

பாதுகாப்புப் பக்கத்திலிருந்து வருகிறேன். இதுவரை பேசியது எல்லாம், யாரோ ஒருவர் தன் சொந்த முகத்தோடும் சொந்தக் குரலோடும் வந்து உங்கள் பெயரில் நுழையப் பார்த்தால் என்ன ஆகும் என்பது. அப்படி வருகிறவன் திருடன் இல்லை, வழி தவறியவன்.

கணக்கில் ஏமாறுவது இங்கேதான். முகம் நூற்றில் ஒருமுறை தவறும், குரலும் நூற்றில் ஒருமுறை தவறும், இரண்டும் ஒன்றாகத் தவறுவது பத்தாயிரத்தில் ஒருமுறை என்று எழுதிக்காட்டுவார்கள். இரண்டு தவறும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்றால்தான் அந்தப் பெருக்கல் செல்லும். வழி தவறியவனுக்கு அது ஓரளவு செல்லும். திட்டமிட்டு வருகிறவனுக்குச் செல்லாது. உங்கள் முகமும் குரலும் ஒரே வீடியோவில் இருக்கின்றன. ஒரு வீடியோ கிடைத்தால் இரண்டு சாவியும் ஒரே கொத்தில் கிடைத்தது மாதிரி. குறிஞ்சியின் நண்பர் கைப்பேசியில் காட்டியது அதைத்தான்.

வீடியோ கிடைக்காவிட்டால்கூடச் செய்துகொள்ளலாம். 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட வால்-ஈ மூன்று நொடிக் குரலைக் கேட்டு அதே குரலில் வேறு வாக்கியம் பேசியது. 2019இலேயே பிரிட்டனில் ஓர் எரிசக்தி நிறுவனத்தின் தலைமை அதிகாரியிடம், தாய் நிறுவனத் தலைவரின் குரலில் தொலைபேசியில் பேசி 2,20,000 யூரோ பறித்தார்கள். 2024இல் வெளிவந்த ஹாங்காங் சம்பவத்தில் காணொளிக் கூட்டத்தில் இருந்த சக ஊழியர்கள் எல்லோருமே போலி, போனது 20 கோடி ஹாங்காங் டாலர். அங்கே ஏமாந்தவர்கள் மனிதர்கள், அதுவும் வேலைக்காக அந்த முகங்களையும் குரல்களையும் அறிந்தவர்கள்.

என் பதில் சுருக்கம். குரலை அடையாளச் சாவியாக வைக்கும் காலம் முடிந்தது. எடுத்துவிடுங்கள்.

#10 ஒலியன்

சாளரம், பாதியை ஒப்புக்கொள்கிறேன். வருடங்களுக்கு முன் தொலைபேசி வழி குரல் சரிபார்ப்பு ஒன்றை நான் கட்டியிருக்கிறேன். பழைய தொலைபேசியில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் வரும், குரலின் மேல்பகுதி முழுவதும் வெட்டுப்பட்டிருக்கும். அந்த மெலிந்த ஒலியை மட்டும் நம்பிக் கதவைத் திறக்கும் ஒன்றை இன்று என்னைக் கட்டச் சொன்னால் கட்டமாட்டேன். 2017இலேயே, கணினி உருவாக்கும் போலியான டீப்ஃபேக் எதுவும் இல்லாமல், ஒரு செய்தியாளரின் இரட்டைச் சகோதரர் அவரைப் போலப் பேசி ஒரு பெரிய வங்கியின் குரல் சரிபார்ப்பைத் தாண்டிக் காட்டினார்.

போலிக் குரலைப் பிடிக்கும் ஆராய்ச்சியும் நடக்கிறது. ஏஎஸ்விஸ்பூஃப் என்ற போட்டி 2015இலிருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. அதில் திரும்பத் திரும்பத் தெரிவது, பழகிய வகைப் போலியை நன்றாகப் பிடிக்கும் கருவி, இதுவரை கேட்காத வகைப் போலியிடம் தடுமாறும். ஆகவே நாளைய போலியையும் பிடிப்போம் என்று யாருக்கும் உறுதி கொடுக்க முடியாது.

ஆனால் குரலை எடுத்துவிடுங்கள் என்பதை ஏற்க மாட்டேன். குரலுக்கு வேறு வேலை இருக்கிறது. "இது யார்" என்று முகம் சொல்லட்டும். "இது இப்போது, இங்கே, இந்த வாயிலிருந்து வருகிறது" என்பதைச் சொல்ல வைக்கக் குரலைப் போல ஒன்று இல்லை. நிமிடத்துக்கு முன் கணினி எடுத்த ஒரு சொல்லை, யாரும் முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருக்க முடியாத ஒன்றை, அந்த ஆள் சொல்லும்போது உதடும் ஒலியும் சேர்ந்து அசைகின்றனவா என்று பார்க்கலாம். 2016இல் சங், ஜிஸ்ஸர்மேன் என்ற ஆய்வாளர்கள் செய்த சிங்க்நெட் இதற்குத்தான்: உதட்டு அசைவும் ஒலியும் வீடியோவில் எத்தனை ஃப்ரேம் (தனிப் படம்) விலகியிருக்கின்றன என்று அது அளக்கும்.

#11 குறிஞ்சி

அப்படியானால் எங்கள் ஆறு எண்களையே, சரியாகப் படித்தாரா என்று பார்த்தால் போதுமா?

#12 ஒலியன்

பார்க்கத்தான் வேண்டும், ஆனால் தமிழ் எண்கள் இந்த வேலைக்குச் சுமார்தான். நீங்களே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

உதடு முழுவதும் மூடித் திறக்கும் ஒலிதான் கேமராவுக்கு நன்றாகத் தெரியும். தமிழில் அது ப, ம இரண்டும். ஒன்று முதல் ஒன்பது வரை, மூன்றிலும் ஒன்பதிலும் மட்டும்தான் உதடு மூடுகிறது. 7 8 6 5 1 4 என்று வந்தால் உதடு ஒருமுறைகூட மூடாது. போலி வீடியோவில் உதடு பொருந்தாமல் போனாலும் உங்களுக்குத் தெரிய வாய்ப்புக் குறைவு.

இரண்டாவது, சளி. மூக்கொலிகள் ஆளுக்கு ஆள் நன்றாக வேறுபடும், ஏனென்றால் மூக்கறையின் வடிவத்தை நாம் நினைத்தபடி மாற்ற முடியாது. ஆளைக் கண்டுபிடிக்க அவை பொக்கிஷம். சளி பிடித்தால் முதலில் கெடுவதும் அவைதான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஒன்பது, எல்லாவற்றிலும் மூக்கொலி. பூஜ்ஜியத்தின் கடைசியிலும் ம். மூக்கொலி இல்லாதவை ஆறு, ஏழு, எட்டு மூன்றுதான். உங்கள் நண்பர் நான்கு நாள் வெளியே நின்றதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது, திரையில் 1 என்று பார்த்து "ஒன்று" என்று படிப்பவரும் உண்டு, "ஒண்ணு" என்பவரும் உண்டு. மூணு, நாலு, அஞ்சு, ஒம்பது எல்லாம் வரும். எழுத்துத் தமிழை மட்டும் ஏற்கும்படி வைத்துவிடாதீர்கள். மனிதர்கள் பேசுகிறபடிதான் படிப்பார்கள்.

எண்களுக்குப் பதில் ப, ம நிறைந்த சாதாரணச் சொற்களின் பட்டியல் ஒன்று வைத்து, ஒவ்வொரு முறையும் நான்கைந்தைக் கலந்து எடுங்கள். பாம்பு, மாமரம், கம்பளி, படகு, குப்பம், இப்படி. கட்டாயம் மூக்கொலி இல்லாத சொல்லும் ஒன்றிரண்டு இருக்கட்டும்.

#13 புதியவன்

எண்களை இப்படிச் சொல்லிப் பார்த்ததே இல்லை. கண்ணாடி முன் நின்று பார்த்தேன், நீங்கள் சொன்னது சரி. ஆறு, ஏழு, எட்டில் உதடு மூடவே இல்லை.

#14 சாளரம்

ஒலியன் சொல்லும் வேலைப் பிரிவினையை ஏற்கிறேன். முகம் ஆளைச் சொல்லட்டும், குரல் நேரத்தைச் சொல்லட்டும். இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

கைப்பேசியைக் கேமராவுக்கு முன்னால் பிடிப்பது பழைய பாணி. முன்னால் இருப்பது உயிருள்ள ஆள்தானா என்று பார்க்கும் லைவ்னஸ் சோதனைக்கான ஐஎஸ்ஓ 30107 தரம் அதைப் பற்றித்தான் பேசுகிறது: கேமராவுக்கு முன் காட்டப்படும் படம், முகமூடி, திரை. இப்போது கேமராவையே விட்டுவிடுகிறார்கள். கணினியில் ஒரு மெய்நிகர் கேமராவை நிறுவி, போலி வீடியோவை நேராக உங்கள் செயலிக்குள் ஊற்றுகிறார்கள். கண் சிமிட்டச் சொல்லுங்கள், சிமிட்டும். தலையைத் திருப்பச் சொல்லுங்கள், திரும்பும். படத்தை எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் அந்தப் படம் எந்த வழியாக வந்தது என்று தெரியாது. அந்த வழியைத்தான் பூட்ட வேண்டும்.

அதற்காகச் சொல்கிறேன், முகத்துக்கும் குரலுக்கும் முன்னால், பதிவு செய்த சாதனத்துக்குள் இருக்கும் ஒரு ரகசியச் சாவி பேசட்டும். கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாதனத்திலேயே இருக்கும் பாஸ்கீ மாதிரி. தொலைவில் இருந்து ஆயிரம் பேரைத் தாக்குகிறவனிடம் உங்கள் முகம் இருக்கலாம், உங்கள் கைப்பேசி இருக்காது.

அடுத்தது சேமிப்பு. கடவுச்சொல் கசிந்தால் மாற்றலாம். முகத்தை மாற்ற முடியாது. வெறும் எண் வரிசைதானே, அதை வைத்து என்ன செய்வார்கள் என்று நினைக்காதீர்கள். அந்த எண்களிலிருந்து அடையாளம் தெரிகிற அளவுக்கு முகத்தைத் திரும்ப வரைய முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். தேவைப்பட்டால் ரத்து செய்து புதிதாகக் கொடுக்கக்கூடிய டெம்ப்ளேட் (சேமித்து வைக்கும் எண் வரிசை) என்ற யோசனையை ராதா என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2001இலேயே முன்வைத்தார்கள். அதுகூட வேண்டாம், முடிந்தவரை அந்தச் சாதனத்தை விட்டு வெளியே வராமல் வைத்திருங்கள். படித்த குரல் பதிவுகளைச் சரிபார்த்த உடனே அழியுங்கள். இல்லாததைத் திருட முடியாது.

#15 மழைத்துளி

நான் தொழில்நுட்பம் தெரிந்தவள் இல்லை. இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

என் அம்மாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, உள்ளே ஒரு சிறு வால்வு. விரலால் துளையை மூடிக்கொண்டு பேசப் பழகினார். பழகப் பல மாதம் ஆனது. இப்போது பேசுவது எங்களுக்கு நன்றாகப் புரிகிறது.

அவருடைய சேமிப்பு இருந்த ஒரு நிறுவனத்தில் தொலைபேசியில் அழைத்தால் குரலை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். அறுவைக்கு முன் பதிந்த குரல். திரும்ப வந்து அம்மா பேசினார். "உங்கள் குரல் பொருந்தவில்லை" என்றது. மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் அதே பதில். பிறகு கணக்கையே நிறுத்தி வைத்துவிட்டார்கள், யாரோ ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று. ஆளிடம் பேசினோம், அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை, கணினி சொல்வதை மீற அனுமதி இல்லையாம். கடைசியில் நேரில் கூட்டிக்கொண்டு போய்ப் பல தாள்களைக் காட்டித்தான் சரியானது.

பணம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு அம்மா தொலைபேசியில் யாரோடும் பேசுவதை நிறுத்திவிட்டார். என் குரல் என் குரல் இல்லை என்று சொல்லிவிட்டார்களே என்றார். நீங்கள் கட்டுவதில் அம்மாவைப் போன்றவர்களுக்கு என்ன வழி?

#16 குறிஞ்சி

படித்து வெகு நேரம் எதுவும் எழுத முடியவில்லை அக்கா. இப்போதைக்கு எங்களிடம் வழி இல்லை. உண்மையைச் சொல்கிறேன், நாங்கள் யோசிக்கவே இல்லை. குரல் பொருந்தவில்லை என்றால் மூன்று முறைக்குப் பின் பூட்டு. நீங்கள் சொன்ன அதே விதி எங்கள் செயலியிலும் இருக்கிறது.

#17 ஒலியன்

மழைத்துளி, உங்கள் அம்மாவுக்கு நடந்ததை நான் ஒலியின் பக்கமிருந்து விளக்குகிறேன், ஏனென்றால் அதிலேயே வழியும் இருக்கிறது.

குரல்வளை போன பிறகு ஒலி பிறக்கும் இடமே மாறிவிடுகிறது. குரல் நாண்கள் அதிர்ந்த இடத்தில் இப்போது உணவுக்குழாயின் மேல்பகுதித் தசை அதிர்கிறது. சுருதி, அதிர்வின் சீர், மூச்சு எடுக்கும் இடைவெளி எல்லாம் வேறு. பழைய பதிவோடு ஒப்பிடும் எந்தக் கருவியும் வேறு ஆள் என்றுதான் சொல்லும். கழுத்தில் கருவி வைத்துப் பேசுகிறவர்களுக்கு இன்னும் கஷ்டம், சுருதி ஒரே மட்டத்தில் நிற்பதால் போலிக் குரலைப் பிடிக்கும் மென்பொருள் அதை எந்திரக் குரல் என்று தள்ளிவிடக்கூடும். பக்கவாதம் வந்து நா குழறுகிறவர்கள், பார்கின்சன் உள்ளவர்கள், குரல் உடையும் வயதுப் பையன்கள், எல்லோருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

ஆனால் உங்கள் அம்மா "பம்பரம்" என்று சொன்னால் உதடு மூடும், திறக்கும். ஒலி அதோடு சேர்ந்துதான் வரும். சொல்லும் புரியும், நீங்களே சொல்கிறீர்கள். பழைய குரலோடு பொருந்துகிறதா என்ற கேள்வியை விட்டுவிட்டு, இந்தச் சொல் இப்போது இந்த வாயிலிருந்து வந்ததா என்று மட்டும் கேட்டால், அவர் தேறிவிடுவார். ஆளைச் சொல்ல முகம் இருக்கிறது, சாளரம் சொன்ன சாவி இருக்கிறது.

#18 சாளரம்

ஆமோதிக்கிறேன். ஆனால் குறிஞ்சிக்கு ஓர் எச்சரிக்கை, இதை மழைத்துளி தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "முடியாதவர்களுக்கு மாற்று வழி" என்று ஒரு பொத்தான் வைத்தால், திருடன் முதலில் அழுத்துவது அந்தப் பொத்தானைத்தான். குரல் வரவில்லை, ஓடிபி மட்டும் அனுப்புங்கள் என்பான். அதற்குப் பயந்துதான் அந்த நிறுவனம் எல்லா மாற்று வழியையும் அடைத்திருக்கும். அடைத்ததன் விலையை உங்கள் அம்மா கொடுத்திருக்கிறார்.

மாற்று வழியை அவசரத்துக்கு அந்த நேரத்தில் திறக்காமல், பதிவு நாளிலேயே எல்லோருக்கும் கொடுங்கள். முகம், பேச்சு, இரண்டாவது சாதனம், நேரில் வருவது, இவற்றில் எவை தனக்கு ஒத்துவரும் என்று அவரவர் தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொரு வழியும் தனித்தனியாக அதே உறுதியைத் தர வேண்டும். ஏதோ ஒன்று தேறினால் போதும் என்று வைத்தால், ஏமாற்றுகிறவனுக்கு மிக மெலிந்த வழியைப் பொறுக்க இடம் கொடுத்தது ஆகும். ஆகவே மெலிந்த வழியே இருக்கக் கூடாது.

பழைய பதிவைத் தானாகப் புதுப்பிக்கும் வசதி வைத்திருந்தால் அதிலும் கவனம். ஆள் முதுமை அடைய அடையப் பதிவும் மெல்ல நகர வேண்டும் என்பது சரி. ஆனால் ஒருமுறை உள்ளே நுழைந்த போலி, தன் முகத்தையே புதிய பதிவாக ஆக்கிவிட்டால் அதற்குப் பிறகு வெளியே நிற்பது உரியவர்தான். சாதனச் சாவியும் சேர்ந்து தேறிய நாளில் மட்டும் புதுப்பியுங்கள்.

#19 நிழற்கண்

ஒன்று விட்டுப்போயிற்று. மூன்று முறைக்குப் பின் பூட்டு என்பதில், அந்த மூன்றாம் முறைக்குப் பிறகு ஒரு மனிதர் இருக்க வேண்டும். கணினி சொன்னதை மாற்றும் அதிகாரம் உள்ள மனிதர். அவர் மாற்றினால் ஏன் மாற்றினார் என்று பதிவாக வேண்டும், அவ்வளவே. மழைத்துளியின் அம்மா பேசிய அந்த ஊழியர் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். அவர் கையைக் கட்டி வைத்திருந்தார்கள்.

திரையில் வரும் வார்த்தையையும் பாருங்கள். "குரல் பொருந்தவில்லை" என்று ஒருவரிடம் சொல்லாதீர்கள். "எங்களால் இம்முறை உறுதி செய்ய முடியவில்லை" என்று எழுதுங்கள். முடியாமல் போனது கருவிக்கு.

#20 குறிஞ்சி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சராசரி போய்விட்டது. முதலில் சாதனச் சாவி. பிறகு முகம், பதிவோடு ஒப்பிடுவது முகத்தை மட்டும்தான். குரலைப் பழைய குரலோடு ஒப்பிடுவதை நிறுத்திவிட்டோம், சொல் சரியா, உதடும் ஒலியும் சேர்ந்து போகிறதா என்று மட்டும் பார்க்கிறோம். எண்களை எடுத்துவிட்டுச் சொற்கள் வைத்தோம், பேச்சுவழக்கு உச்சரிப்பையும் ஏற்கிறது. சளிக்காரர் முதல் முறையிலேயே உள்ளே வந்தார். என் பழைய வீடியோவை அதே நண்பர் பத்து முறை காட்டிப் பார்த்தார், ஒருமுறைகூட நுழைய முடியவில்லை.

மெய்நிகர் கேமரா இன்னும் முழுவதும் அடைபடவில்லை. கைப்பேசிச் செயலியில் ஓரளவு தடுக்கிறோம், கணினி உலாவியில் முடியவில்லை. அதனால் உலாவி வழியை இப்போதைக்குத் திறக்கப் போவதில்லை. வயதானவர்கள், பல நிறத்தினர், கண்ணாடி அணிபவர்கள் என்று சோதனையாளர்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம். நிழற்கண் சொன்னபடி ஒவ்வொரு பிரிவுக்கும் தவறைத் தனித்தனியாக எண்ணுகிறோம், மொத்தமாகக் கூட்டிக் காட்டுவதில்லை.

மழைத்துளி அக்கா, அம்மாவுக்கு விருப்பம் இருந்தால் மட்டும், ஒருமுறை சோதித்துப் பார்க்க முடியுமா? எந்தப் பதிவும் எங்களிடம் தங்காது. அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுகிறேன்.

#21 மழைத்துளி

அம்மாவிடம் கேட்டேன். முதலில் வேண்டாம் என்றார். நேற்று அவராகவே வந்து ஒரு கேள்வி கேட்டார், உங்களிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை அவருக்கு மூச்சு எடுக்க வேண்டும். விரலை எடுத்து, மூச்சை இழுத்து, திரும்ப மூட வேண்டும். அதுவரை அது காத்திருக்குமா என்கிறார்.

#22 குறிஞ்சி

இப்போது நான்கு நொடிதான் வைத்திருக்கிறோம் அக்கா. அதற்குள் எல்லாச் சொல்லும் முடியாவிட்டால் நின்றுவிடும். சொல்லுக்குச் சொல் தனியாகக் காத்திருக்கும்படி மாற்றிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் இங்கேயே எழுதுகிறேன். அம்மாவை அதற்குப் பிறகு உட்காரச் சொல்லுங்கள்.